எழும்பினார்

ஐஸ் பெக்டரியில் இரவு முறை முடிந்து
கல்லடிப் பாலத்தால் சைக்கிளில் வருவார்.
சாரத்தின் கரையில் உப்பும் மரத்தூளும்.
கை எப்போதும் குளிர்.
என் நெற்றியில் காய்ச்சல் பார்க்க
முதலில் உள்ளங்கையைத் தேத்தண்ணிக் கோப்பையில் சூடாக்குவார்,
காய்ச்சல் இல்லாத நாளிலும்.

பள்ளிக்கூடப் படிவத்தில்
தகப்பன் பெயர்: அந்திரேஸ் சவரிமுத்து.
நான் பிறக்க மூன்று மாதம் இருக்க
ஓட்டமாவடியில் லொறியோடு போனவர்.
பாதுகாவலர் என்ற கோட்டில்தான்
இவர் ஒப்பமிடுவார்,
இஞ்ஞாசி,
எழுத்துக் கூட்டி, பேனையை அழுத்தி,
அடுத்த தாளிலும் பதியும்படி.

பதினைந்து வயதில் ஒருநாள் கத்தினேன்.
முழுவதையும் எழுதமாட்டேன்.
'நீங்க எனக்கு ஆர்?' என்பது
அதில் ஆகக் குறைந்தது.
சைக்கிள் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர்
விட்டு முடித்தார்.
சில்லைச் சுற்றிப் பார்த்தார்.
'ரியூசனுக்கு நேரமாகுது மகள்.'

இந்த வருஷம்
தாண்டவன்வெளிக் கோயில் ஒளிவிழாவுக்கு
நாடகம் எழுதச் சொன்னார்கள்.
மரியாளுக்கு வசனம் இருந்தது, இடையருக்கு இருந்தது,
ஏரோதுக்கு நிறைய.
சத்திரக்காரனுக்கு நானே ஒன்று கொடுத்தேன்.
சூசையப்பருக்காக நற்செய்தியைப் புரட்டினால்
ஒரு சொல் இல்லை.
கனவு கண்டார். எழும்பினார்.
பிள்ளையையும் தாயையும் கூட்டிக்கொண்டு
இரவோடு இரவாகப் போனார்.
திரும்பவும் கனவு, திரும்பவும் எழும்பினார்.
அந்த இடத்தில் எனக்கு
சைக்கிள் ஸ்டாண்ட் தட்டுகிற சத்தம் கேட்டது.

ஆத்துமாக்கள் திருநாளுக்கு
அம்மாவும் நானும் சேமக்காலைக்குப் போகும்போதெல்லாம்
அந்திரேஸின் கல்லறை வெள்ளையடித்தே இருக்கும்.
கோயிலால் அடிக்கிறார்கள் என்று நினைத்தோம்.
பக்கத்துக் கல்லறைகள் பாசி பிடித்துக் கிடந்ததை
இருபத்தாறு வருஷம்
எந்தக் கண்ணால் பார்த்தோமோ.

இம்முறை முதல்நாள் விடிய, தனியே போனேன்.
மதிலோடு அந்தச் சைக்கிள்.
சுண்ணாம்பு வாளிக்குப் பக்கத்தில் குந்தியிருந்து
எழுத்துக்குள் இறங்கிய வெள்ளையை
ஈர்க்கால் கிண்டி எடுத்துக்கொண்டிருந்தார்.
என் முதலெழுத்தாய் நிற்கும் அந்தப் பெயர்
கறுப்பாய், தெளிவாய் வரும்வரை.

கூப்பிடவில்லை.
வீட்டுக்கு வந்து கேத்திலை வைத்தேன்.
சூசையப்பருக்கு வசனம் வேண்டாம்,
ஒரு லாம்பு போதும் என்று கொப்பியில் குறித்தேன்.
ஏழு மணிக்கு வந்தார். நகத்தோரம் வெள்ளை.
'விடிய எங்க போனீங்க, அப்பா?'
'பாண் வாங்க' என்றார்.

கையில் பாண் இல்லை.