பிழைதிருத்தம்

ஹோபார்ட், ஜூலை. மலையில் பனி.
ஆயர் கோட்டின் தோளிலிருந்த மழையைத்
துடைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார்.
"இந்த மசோதா நிறைவேறினால்
சிறைக்குப் போவேன்.
பாவசங்கீர்த்தனத் தொட்டியில் கேட்டதைச்
சொல்ல மாட்டேன்."
அடித்தேன்.
பேரவைக் குழுவில் பேசுவதையெல்லாம் அடிப்பது
என் வேலை.
இருமலை மட்டும் விட்டுவிடலாம்.

நாற்பது நிமிடம் அவருக்கு.
பத்து நிமிடம் லொரெய்ன் ட்ரெலோருக்கு.
அவள் தாள் எதுவும் கொண்டுவரவில்லை.
"ஒன்பது வயது எனக்கு.
பங்குச் சாமியார் எனக்குச் செய்ததை
நான்தான் போய்ச் சொன்னேன்,
என் பாவம் என்று.
கம்பிவலைக்கு அந்தப் பக்கமிருந்து
மூன்று அருள்நிறை மரியே சொல்லச் சொன்னார்கள்.
இரண்டாவதில் எண்ணிக்கை தப்பி
முதலிலிருந்து தொடங்கினேன்."

ஒரு உறுப்பினர் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.
ஆயரின் உதடு அசைந்தது,
மைக் அணைந்திருந்தது.
பதிவேட்டின்படி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஞாயிறுதோறும் அவர் கையால்
நன்மை வாங்குகிறவள் நான்.
அந்த ஞாயிறு
பின்வரிசையிலேயே இருந்துவிட்டேன்.
முழங்கால் வலி என்றேன், கணவரிடம்.

பிரதிகளைத் திருத்தத்துக்கு அனுப்பினோம்.
ஆயர் இல்லத்திலிருந்து
இரண்டு காற்புள்ளிகள், ஒரு லத்தீன் எழுத்துப்பிழை.
லொரெய்னின் தாளில் ஒரே திருத்தம்:
'அவர்கள்' என்பதை அடித்து
ஒருமையில் எழுதியிருந்தாள்.
அதே ஆள்தான், வலைக்கு அந்தப் பக்கமும்.

ஆங்கிலத்தில்
அவருக்கும் அவனுக்கும் ஒரே சொல்.
அவள் எதை எழுதினாள் என்று
எனக்குத் தெரியும்.