மாதவரம், 0+640

முதலில் எண்ணினோம்.
எந்தக் கடலிலிருந்து எந்தக் கடலுக்கு என்று
டெல்லியில் யாரோ விரல் வைத்துக் காட்டிய பிறகு,
ஒரு கோடுகூட வரைவதற்கு முன்னால்,
மாதவரம் ரவுண்டானாவில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு
ஏழு பகல் ஏழு இரவு எண்ணினோம்.

கார் என்றால் ஒன்று.
பைக் அரை.
லாரி மூன்று.
மாட்டுவண்டி எட்டு:
அவ்வளவு மெதுவாகப் போவதால்
எட்டு கார்களின் சாலையை அது தின்றுவிடுகிறதாம்.
ஒரு மாட்டுவண்டியும் வரவில்லை.
அந்தக் கட்டத்தில் யாசின்
அடித்த கொசுக்களுக்குக் கணக்கு வைத்தான்.

லாரிகளை மடக்கிக் கேட்பது என் வேலை.
எங்கிருந்து? எங்கே? என்ன சரக்கு?
"குண்டூர். ஹார்பர். மொளகா.
எப்ப போய்ச் சேருவன்னு கேக்க
ஒங்க பேப்பர்ல எடமில்லியா மேடம்?"
இல்லை.
மூன்று நாள் அதே வரிசையில் நின்றார்.
அவரை ஒரு தடவைதான் எண்ணினேன்.

இரவு இரண்டு மணிக்குமேல் தேசம்மா வருவாள்.
ஒரு கையில் டீ கேன், மறு கையில்
முழங்கை வரை அடுக்கிய பேப்பர் கப்.
இந்தப் பக்க லாரிகளுக்கு ஊற்றிவிட்டு
அந்தப் பக்கம்.
நடுத் தடுப்பில் ஒரு காலை ஏற்றி நின்று
வருவதைப் பார்க்க மாட்டாள், கேட்பாள்.
கேட்டு முடித்ததும் இறங்குவாள்.
விடிவதற்குள் நாற்பத்தொரு தடவை.

படிவத்தில் பன்னிரண்டு கட்டங்கள்.
நடப்பவர்களுக்குக் கட்டம் கிடையாது.
பதின்மூன்றாவதை நான் பேனாவால் கீறினேன்.
ஏக்காட்டுத்தாங்கல் ஆபீஸில் கணினியில் ஏற்றும்போது
அது விழுந்துவிட்டது.
யாரும் வேண்டுமென்று செய்யவில்லை.

பிறகு வரைந்தோம்.
மணிக்கு நூற்றிருபது கிலோமீட்டர் வேகம்.
அந்த வேகத்தில் போகிற சாலைக்குச்
சட்டென்று திரும்பத் தெரியாது;
ஒரு கிணற்றை விட்டு விலக வேண்டுமென்றால்
ஒரு கிலோமீட்டர் முன்னாலேயே மனசு மாற வேண்டும்.
இதைத் திரையில் வளைத்துக்கொண்டிருந்த நான்
வியாசர்பாடியிலிருந்து வேலைக்கு வந்து சேர
ஒன்றே முக்கால் மணி நேரம்.

0+640இல் ஒரு பாதசாரி சுரங்கப்பாதை போட்டேன்.
எபனேசர் சார் சிவப்பில் வட்டமிட்டுத் திருப்பினார்:
தேவைக்கு ஆதாரம்?
நாற்பத்தொன்று என்று எழுதினேன்.
எந்த அட்டவணை என்றார்.
எந்த அட்டவணை?

அழித்தேன்.
அதே இடத்தில், அதே அகலத்தில்
மழைநீர் வடிகால் என்று எழுதினேன்.
இந்த ஊரில் மழை என்ற சொல்லுக்கு
எல்லாக் கோப்பும் எழுந்து வழிவிடும்.
டிசம்பரில் இடுப்பளவு நின்றவர்கள்தானே
கையெழுத்துப் போடுகிற எல்லாரும்.
உயரம் ஏன் இரண்டரை மீட்டர் என்று ஒருவர் கேட்டார்.
தூர்வார, என்றேன்.
வருஷத்தில் ஒன்பது மாதம் அது காய்ந்து கிடக்கும்
என்பதை யாரும் கேட்கவில்லை.
குனியாமல் போகலாம், கேனோடு.
அவள் உயரம் எனக்குத் தெரியும்,
லாரியின் பக்கக் கண்ணாடிக்கு ஒரு சாண் கீழே.

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில்
எனக்கே என்மேல் ஒரு கர்வம்.
மூலக்கடை தாண்டும்போதுதான் உறைத்தது.
நூற்றிருபதில் போகிற லாரி
மாதவரத்தில் எதற்கு நிற்கும்?

வடிகால் இன்னும் வரைபடத்தில் இருக்கிறது.
இரண்டரை மீட்டர்.
ஒப்புதல் ஆகிவிட்டது.