மீசையில் மரத்தூள்

வியாழன் இரவு, பூர்க்டோர்ஃப்.
சலவை அறைக்கு அடுத்த நிலவறையில்
நாலு கதிரை, கையால் கீறிய வரைபடம்,
இருபது முகப் பகடை ஒன்று.
சுவருக்கு அப்பால் யாருடையதோ போர்வை
இயந்திரத்துக்குள் முட்டி முட்டிச் சுற்றுகிறது.

ஆட்டத்தை நடத்துகிறவர் ஊர்ஸ்.
பகலில் பொய்ப்பல் செய்கிறவர்.
அவர் திறக்கும் விதிப்புத்தகத்தில்
மேற்குக்கு நாற்பது பக்கம்:
வாளின் நீளம், கவசத்தின் எடை,
மணிக்கட்டைத் திருப்பி வெட்டினால்
கூட்டல் இரண்டு.
கிழக்குக்கு மூன்றே பக்கம்,
மந்திரத்துக்கும் மூலிகைக்கும் நடுவில்.
உள்விசைப் புள்ளி ஒன்பது.
செலவழித்தால் சுவரில் நடக்கலாம்.

என்னைக் கேட்காமலே
எனக்கொரு துறவியை எழுதி வைத்திருந்தார்கள்.
மொட்டை, வெறுங்கை, ஒரு கிண்ணம்.
"உனக்கு இது இயல்பாக வரும், தர்மினி."

எனக்கு இயல்பாக வருவது
ரயில் பிந்துவதை
மூன்று மொழியில் மன்னிப்போடு அறிவிப்பது.
சிலம்பம் நான் கண்டது ஒரே ஒருமுறை,
லுசேர்ன் மண்டபத்துக் கலைவிழாவில்,
கம்பு கை நழுவி
ஒலிபெருக்கியைப் பிளந்த அன்று.
கராத்தே பழகினேன், அது உண்மை.
மாடு வளர்க்கிற பேயாட்டிடம்,
பள்ளிக்கூட ஜிம்மில், திங்கள் மாலை.
ஜப்பானிய எண்களை அவர்
பேர்ண் இழுவையில் எண்ணுவார்;
ஆறு வருவதற்குள் கால் மரத்துவிடும்.
அதற்கு உள்விசை எத்தனை புள்ளி, ஊர்ஸ்?

ஃப்ரெனி சிரித்தாள்.
செவ்வாய்தோறும் நெடுவாள் பழகுகிறவள்,
முழங்கையில் எப்போதும் ஒரு நீலம்.
பழைய ஜெர்மன் நிலைகளுக்குப் பேர் உண்டு என்றாள்.
எழுந்து, குடையை உருவிக் காட்டினாள்:
தலையோரம் கொம்பாய் நீட்டினால்
எருது.
இடுப்பில் பதித்து முனை நிமிர்த்தினால்
ஏர்.
நிலம் பார்க்கத் தொங்கவிட்டால்
மடையன்.

எருதும் ஏருமா!
வயலிலிருந்து நேரே
வாளுக்கு வந்திருக்கிறார்கள்.
புத்தகத்தில் அந்தப் பேர்கள் இல்லை.
தற்காப்பு, கூட்டல் ஒன்று.
அவள் பக்கம் முழுக்கக் கணக்கு,
என் பக்கம் முழுக்க மாயம்,
இரண்டு பேருக்கும் உடம்பு இல்லை.

அன்றைய கதையில் மலைத் திருவிழா.
என் துறவிக்கு எதிரே
ருவேடியின் மல்லன்.
ருவேடி சின்ன வயதில்
மரத்தூள் வட்டத்தில் மெய்யாகவே புரண்டவன்;
சாக்குத் துணிக் காற்சட்டையைப் பிடித்துத்
தூக்கிப் போடுகிற அந்தச் சண்டையில்
இரண்டு தரம் வென்று
முப்பது தரம் தோற்றவன்.

"உள்விசை செலவழிக்கிறாயா?"
இல்லை.
பிடி எப்படி என்று ருவேடியைக் கேட்டேன்.
யாருடையதோ கூடையிலிருந்து இரண்டு துவாய்,
இடுப்பில் ஆளுக்கொன்று முடிந்தோம்.
இங்கே வலக்கை, இங்கே இடக்கை,
தோளை என் தோளில் சாய் என்றான்.
சாய்ந்தபோதுதான் தெரிந்தது
எடை என்பது என்ன என்று.
அவனுக்கு மூச்சு இரைத்தது. எனக்கும்.

பிறகு உட்கார்ந்து பகடையை உருட்டினேன்.
இருபது.
மல்லன் மல்லாந்தான்.

"ஒரு தோள் முழுதாகப் படவில்லை"
என்றான் ருவேடி, மீசையைத் தடவி.
எங்கள் பக்கம் இதற்கொரு பேச்சு உண்டு,
விழுந்தாலும் மீசையில் மண் ஒட்டவில்லை என்பார்கள்
என்று மொழிபெயர்த்தேன்.
மண் இல்லை, மரத்தூள் என்று திருத்தினான்.
பிறகு மெதுவாகச் சொன்னான்:
வென்றவன்தான்
தோற்றவன் முதுகில் ஒட்டிய தூளைத்
தட்டிவிட வேண்டும். அது வழக்கம்.

சரி. என் துறவி குனிகிறாள்.
மல்லனின் முதுகைத் தட்டிவிடுகிறாள்.

ஊர்ஸ் பக்கங்களைப் புரட்டினார்.
முன்னுக்கு, பின்னுக்கு,
அட்டவணைக்கு, மறுபடி முன்னுக்கு.
"அதற்கு எந்தப் பகடை?"

பக்கத்து அறையில் இயந்திரம் நின்று
மூன்று தரம் கூவியது.
ருவேடி ஒன்றும் பேசாமல்
கதிரையில் சற்றுத் திரும்பி
முதுகைக் காட்டி இருந்தான்.