இடைவெளி, நாட்களில்

படிவத்தில் பதினேழாம் கேள்வி:
முதன்முதலில் கவனித்த நாளுக்கும்
முதன்முதலில் யாரிடமாவது சொன்ன நாளுக்கும்
இடைவெளி எவ்வளவு? நாட்களில் எழுதவும்.

துறைமுகத்தில் இறங்கி
உப்பனாற்றைப் படகில் கடந்து
சோனங்குப்பம் வந்தால்
இங்கே யாரிடமும் நாட்கள் இல்லை.
தடைக்காலம் முடிஞ்சு ரெண்டாந்தரம் கடலுக்குப் போனப்போ, என்கிறார் ஒருவர்.
மாசிமகத்துக்குத் துணி எடுத்த வாரம், என்கிறார் இன்னொருவர்.
மருமவ முழுகாம இருந்தா, மூணோ நாலோ.
விரல் மடக்கிக் கழித்துப் பார்க்கிறேன்.
அலுவலகக் கணினிக்கு எண் மட்டும்தான் இறங்கும்.

பதினெட்டாம் கேள்விக்கு ஒன்பது குறியீடுகள்.
ஒன்று, அறியாமை. இரண்டு, அச்சம்.
கூச்சம், பணம், துணைக்கு ஆளில்லை
என்று போய், ஒன்பது, பிற.
புதுச்சேரியில் ஏசி அறையில் ஆறு பேர்
பஜ்ஜி தின்றபடி தீர்மானித்தோம்.
அறியாமை முதலில் வரட்டும் என்றது
நான்தான்.

அஞ்சலாட்சிக்கு இடது மார்பு இல்லை.
கேள்வியைக் கேட்டதும் சிரித்தாள்.
"தெரியாமலா?
குளிக்கும்போது கைக்குத் தட்டுப்பட்டுச்சு,
புளியங்கொட்டை கணக்கா.
சொன்னா எங்க வீட்டுக்காரர் படகு இன்ஜினை வித்துடுவாரு.
இன்ஜின் போனா எதை வெச்சு வைத்தியம்?
ரெண்டு தவணை பாக்கி, அது முடியட்டும்னு இருந்தேன்.
முடிஞ்சப்போ எலுமிச்சம்பழம்."
பிறகு, யாருக்காகவோ வாதாடுவதுபோல:
"வலிச்சிருந்தா சொல்லியிருப்பேன்.
அது ஒரு வார்த்தை பேசல."

நான்கில் வட்டமிட்டேன். அடித்தேன்.
ஒன்பதில் வட்டமிட்டு
பக்கத்தில் கோடிட்ட ஒன்றரை அங்குலத்தில்
'இன்ஜின்' என்று எழுதினேன்.

தொழிற்பேட்டைப் பக்கமிருந்து காற்று திரும்பியது.
அழுகிய முட்டைக்கோசு வாடை.
"இதைக் கேக்க மாட்டீங்களா?"
இந்த ஆய்வு நடத்தை பற்றியது, என்றேன்.
யாருடைய நடத்தை என்று
அவள் கேட்கவில்லை.

இத்தனை நேரமும் தேதிகளுக்கு அடியெடுத்துக் கொடுத்தபடி
காறைமீன் செதிலை உரசிக்கொண்டிருந்தாள்
அவள் ஓரகத்தி பூங்காவனம்.
அஞ்சலாட்சி தண்ணீர் எடுக்க உள்ளே போனதும்
தலை நிமிராமல் கேட்டாள்:
"அது அசையாம கல்லு மாதிரி இருக்குமா,
இல்ல நகருமா?"

யாருக்கு என்று கேட்க வாயெடுத்தேன்.
கத்தியை அலம்பினாள்.
அலம்பிய கத்தியை மறுபடி அலம்பினாள்.
"ஆடிப்பெருக்கன்னைக்குப் பாத்தேன்.
யார்கிட்டயும் சொல்லல.
உங்ககிட்டதான்."

பேட்டி எடுப்பவர்
யோசனை சொல்லக் கூடாது, முகம் மாறக் கூடாது.
பயிற்சிக் கையேடு, பக்கம் ஆறு.
மாறியது.

"வியாழக்கிழமை ஏலம் உண்டா?"
"புதனுக்கு ஐஸ்காரன் வருவான். வெள்ளி ஆவாது."
விரலில் ஒட்டிய செதில்களை எண்ணுவதுபோல் பார்த்தாள்.
"வியாழன் பரவால்ல.
அவளுக்கு இப்ப வேணாம்,
இப்பதான் சோறு இறங்குது அவளுக்கு."

திருப்பாப்புலியூர் பஸ் ஸ்டாண்டு, காலை ஆறே கால்.
ஒரு பாண்டி வண்டியை விட்டேன்.
அடுத்ததையும் விட்டேன்.
எத்தனை பேருக்கு 'வரவில்லை' என்று
பேனாவால் எழுதியிருக்கிறேன்;
அந்தச் சொல்லுக்குள் இத்தனை நேரம் நின்றதில்லை.

கூடை இல்லாமல் வந்தாள்,
கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல்.
ஏறியதும் பழக்கத்தில் கடைசி இருக்கைக்குப் போனாள்.
நானும் போனேன்.
"எம்மேல வாடை அடிக்குதா?"
இல்லை, என்றேன்.
"பொய்" என்றாள்.
பெண்ணையாற்றுப் பாலம் போயிற்று.
கன்னியக்கோயில் தாண்டும்வரை
இருவரும் பேசவில்லை.

ஆடிப்பெருக்கிலிருந்து எண்ணினால் நாற்பத்தோரு நாள்
அவள் என்னிடம் சொல்வதற்கு.
ஏற்ற இடமில்லை. அவள் எங்கள் மாதிரியில் இல்லை,
நோய் உறுதியானவர்களை மட்டுமே
எடுத்துக்கொள்கிறோம்.

டிக்கெட்டுக்கு நான் பையைத் திறக்கும்முன்
அவள் சுருக்குப்பையை அவிழ்த்துவிட்டாள்.
"ரெண்டு பாண்டி."
நூறு ரூபாய்த் தாளில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.
கண்டக்டர் அதை விரலால் சுண்டிவிட்டு
மீதிச் சில்லறை கொடுத்தார்.