ஒன்பதால் வகுபடும் தொகை

கையெழுத்து அழகாயிருக்கிறது என்பதற்காக
ஓதிலியாவைப் பொருளாளர் ஆக்கினார்கள்,
கருஞ்சிப்பி வளர்ப்போர் சங்கத்தில்.
சீலோவேத் தீவில் அன்று மழை.
என்றுதான் இல்லை.

செவ்வாய், வியாழன் இரவுகளில்
தல்காவே பள்ளியின் குட்டி நாற்காலியில்
முழங்கால் இடிக்க உட்கார்ந்து கற்றாள்:
இடது பற்று, வலது வரவு.
கையுறை மாதிரிதான் என்றாள் பக்கத்து ரொட்டிக்கடைக்காரி.
கையுறையாவது கைக்குப் பொருந்தும்.

பெட்டிக்குள் பணம் வந்தால் பற்று.
வந்ததை எப்படிப் பற்று என்பது?
வங்கிச் சீட்டிலோ அதே பணம்
வரவு என்று அச்சாகியிருக்கிறது.
வங்கி பொய் சொல்கிறது, இல்லை பயிற்றுநர்.
மூன்று வாரம் இருவர் மேலும் கோபமாயிருந்தாள்.

நான்காம் வாரம், படகில்,
எதிரே இருந்த யாரோ ஒரு குழந்தைக்குக்
கோட்டுப் பொத்தானைப் போட்டுவிடும்போது
விரல்கள் தடுமாறி நின்றன.
அவள் இடக்கைப் பக்கம்
குழந்தைக்கு வலக்கைப் பக்கம்.
வங்கி தன் ஏட்டை எழுதுகிறது.
அவள் பணம் அதில்
திருப்பித் தரவேண்டிய கடன்.
யாரும் பொய் சொல்லவில்லை,
எதிரே உட்கார்ந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

அவள் மொழியில் இடது பத்தியின் தலைப்பு
'கொடுக்க வேண்டும்'. வலதுக்கு 'உண்டு'.
நம் மொழியில் முன்னதன் பெயர் பற்று.
அதை விடச் சொல்லி நமக்கு எத்தனை பாட்டு.
அவளுக்கு அதெல்லாம் தெரியாது.
கயிற்றுக்குப் பற்று என்று எழுதி,
கோடு கிழித்து நிமிர்ந்தாள்.

ஓதம் ஏறும், வடியும், அதுபோல என்றார் பயிற்றுநர்.
வகுப்பே சிரித்தது.
கடல் யாருக்கு ரசீது கொடுத்திருக்கிறது?

பழைய பேரேடு பெலார்மினோ கார்க்கமோ எழுதியது.
போன ஆண்டு இருப்பாய்வில்
இரண்டு லட்சத்து எழுபதாயிரம் பேசோ இடித்தது.
தொகையை அனாமத்துக் கணக்கில் போட்டார்கள்.
அவரையும்.
எங்கே போனதென்று ஒருவரும் கேட்கவில்லை.
கேட்காமலே, துறையில் அவர் வந்தால் பேச்சை மாற்றினார்கள்.
அவர் மகள் கல்யாணத்தில்
நான்கு மேசை காலியாகக் கிடந்தது.
அதில் ஒன்றில் ஓதிலியாவின் பெயர்ச்சீட்டு.

அட்டை கிழிந்த பாடநூலின்
இருநூற்றுப் பதினோராம் பக்கம், அடியில், பொடி எழுத்தில்:
வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால்
இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம்.
வகுத்தாள். முப்பதாயிரம். மீதியில்லை.
அடுப்பில் ஒரு கட்டை சரிந்தது.

மூன்று இரவு. மிதவை, டீசல், கொக்கி,
செத்துப்போன எஞ்சினுக்கு ஒரு பெல்ட்.
அப்புறம் நைலான் கயிறு:
ரொக்கக் கணக்கின் வலதில் 630,000.
கயிற்றுக் கணக்கின் இடதில் 360,000.
உப்பு ஏறி ஓரம் சுருண்ட ரசீது
ஆறு, மூன்று என்றே சொன்னது.

கூட்டத்தில் படித்தாள். யாரோ இருமினார்கள்.
"அவரே அப்போது சொல்லியிருக்கலாமே" என்றான் ஒருவன்.
திருத்தப் பதிவு ஒரே வரி:
கயிறு பற்று, அனாமத்து வரவு.
சொல்லாமல் விட்ட வணக்கங்களுக்கு
எந்தப் பக்கத்திலும் பத்தி இல்லை.

ஞாயிறன்று ஒரு மூட்டைச் சிப்பியோடு போனாள்.
விறகு பிளந்துகொண்டிருந்தவர் கோடரியை வைக்கவில்லை.
"சங்கத்துச் சிப்பியா?"
"ஆமாம்."
"எழுதினாயா?"
"இல்லை."
"எழுதாததை நான் வாங்குவதில்லை."

மூட்டையை இறக்கி வைத்துவிட்டு
கோட்டுப் பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தாள்.
சிப்பி இருப்புக்கு வரவு. சரி.
எதற்குப் பற்று?
"தானம் என்று மட்டும் எழுதாதே" என்றார்.
தாளில் மழை விழுந்து மை கலைந்தது.
கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ளே மேசை இருக்கிறது," என்றார்.
"வந்து எழுது."