ழ வளைகிற இடம்

பச்சைப் பலகை, அரை பிஸ்கட் பக்கெற்றின் அளவு.
கொழும்பிலிருந்து கூரியரில் வந்தது,
மூன்று மீற்றர் நீலக் கேபிளோடு.
விளக்கப் புத்தகம் இல்லை.
துண்டுத் தாளொன்றில் சீன எழுத்தும்
ஒரு சிரித்த முகமும்.

பழைய கணினி போன மாரியோடு செத்தது.
அதன் முதுகில் இருந்த இருபத்தைந்து ஊசிப் பொருத்தி
இனி எதிலும் வராதாம்,
திருஞானசம்பந்தர் வீதிக் கடைப் பெடியன் சிரித்தான்.
ஆகவே யூஎஸ்பி.

பகலில் ஆஸ்பத்திரி மருந்தறையில்
மாத்திரை எண்ணுகிறவள் நான்,
தட்டில் ஐந்தைந்தாய்த் தள்ளி.
இரவில், அலஸ்தோட்டத்து வீட்டின் பின்பக்கம்,
இந்த யந்திரம் எண்ணுகிறது:
ஒரு மில்லிமீற்றருக்கு நானூறு துடிப்பு.
தான் நிற்கிற இடம் அதற்குத் தெரியாது.
கண் கிடையாது.
எண்ணியது சரியென்றால் நிற்பதும் சரியென்று
ஒரு பிடிவாதம்.
எனக்கும் அது உண்டு, பெரிய டொக்டரைக் கேளுங்கள்.

ஜெனோவா தன் விடுதிக்குப் பெயர்ப்பலகை கேட்டாள்.
முதிரைப் பலகை நாலு, அவளே கொண்டுவந்து இறக்கினாள்.
பெயர்: மழைவீடு.

ம இலகு.
ழ வால் எடுத்து வளைகிற இடத்தில்
லப்டொப் 'டுடும்' என்றது.
திரை சாம்பலானது.
மோட்டர்கள் பிடித்த பிடியில் நிற்க
வெட்டுமுனை மட்டும் சுழன்றது
நின்ற இடத்திலேயே,
நிமிடத்துக்குப் பன்னிரண்டாயிரம் தரம்,
நான் சோற்றுக் கையோடு ஓடிவந்து
பிளக்கைப் பிடுங்கும்வரை.
வீடெல்லாம் முதிரை கருகிய மணம்.

இரண்டாவது பலகையிலும் ழ.
எழுத்தில்தான் ஏதோ இருக்கிறதென்று
தமிழையே சந்தேகித்தேன் அரைமணி நேரம்.
மென்பொருளை அழித்துத் திரும்பப் போட்டேன்.
லப்டொப் தூங்காதபடி செய்தேன்.
நான்தான் தூங்கவில்லை.

மூன்றாவது, 'மழை' வரை வந்து நின்றது.
வெளியிலும் மழை.
அந்தச் சத்தம் ஓய்ந்தபோதுதான் கேட்டது
மதிலுக்கு அப்பால்
பஸ்மீர் நானாவின் மீன்பெட்டிக் கொம்பிரஷர்
கனைத்துக்கொண்டு கிளம்புவது.
என் மின்குமிழ் ஒருதரம் கண் வெட்டியது.

அடுத்த இரவு மருந்துச் சிட்டையின் பின்புறத்தில்
நேரம் குறித்தேன்:
எட்டுப் பத்து. எட்டு முப்பத்து நாலு. எட்டு ஐம்பத்தேழு.
மூன்று கனைப்பு, மூன்று டுடும்.

"என்ட ஐஸ் உங்கட எழுத்தக் கடிக்குதா?"
என்று கேட்டார் அவர், செதிள் ஒட்டிய கையோடு.
ஒரு மணி நேரம் நிறுத்தி வைத்தார்.
கேபிள் அசையாமல் பேசியது.
ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும்
அவருடைய பாரைமீன் நாறுவதா?

மூன்று மீற்றரை எறிந்து முப்பது சென்ரிமீற்றர் வாங்கினேன்.
பழைய திரையின் வயரிலிருந்து கறுப்புக் குமிழை அறுத்து
அதன் கழுத்தில் மாட்டினேன்.
சுழல் மோட்டரின் வயரை வேறு சுவரால் கொண்டுபோனேன்.
கடைசியாக எலெக்ரீஷியன் சுகிர்தன் வந்து
செப்புக் கம்பியொன்றை மணலில் அறைந்தான்.
மீற்றரைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்:
"காய்ஞ்ச மணல் அக்கா. ஏர்த் பிடிக்காது. உப்புத்தண்ணி ஊத்துங்கோ."

உப்பு. என் தண்டவாளங்களை
வாரம் ஒருமுறை எண்ணெய் போட்டுத் துடைத்தும்
தின்றுகொண்டிருக்கிறதே, அதுதான்.

கடலுக்கு நடக்கத் தேவைப்படவில்லை.
மீன்பெட்டியில் ஐஸ் உருகிய தண்ணீரை, உப்புக் கல்லோடு,
மதிலுக்கு மேலால் வாளியில் நீட்டினார் பஸ்மீர் நானா.
அன்றுமுதல் மாலைக்கு ஒரு வாளி.

நாலாவது பலகை.
கொம்பிரஷர் கனைத்தது. குமிழ் கண் வெட்டியது.
ழ வளைந்தது.
ஐகாரம் வந்தது, வீ வந்தது,
டுவின் கீழ்ச்சுழி முடிந்து முனை மேலெழுந்து
பூச்சியத்துக்குத் திரும்பியது.
அடிமட்டம் வைத்துப் பார்த்தேன்.
பார்த்துவிட்டு இன்னொருதரம் பார்த்தேன்.

ஜெனோவா கருகிய ழவையும் கேட்டு வாங்கிப்போனாள்,
குளியலறைக் கதவுக்காம்.
'மழை' என்னிடம்தான்,
கூரைத் தகரம் ஒழுகுகிற மூலையில்.

இப்போது இரவில் வெட்டும் சத்தத்துக்கு நடுவே
பின்பக்கம் எட்டிப் பார்த்தால்
மீன் மணக்கிற செப்புக் கம்பியைச் சுற்றிப் பூனைகள்,
என்னமோ வரப்போகிறதென்று காத்து.
எண்ணினேன்.
ஐந்து.