இல்லாதவற்றின் பட்டியல்

தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை,
மரமில்லாத மலை, சாமி இல்லாத கோயில்:
வேலூரை இப்படித்தான்
வெளியூர்க்காரன் விரல்விட்டு எண்ணுவான்.
நேதாஜி மார்க்கெட்டில்
வெங்காய லாரி வந்து நின்ற ஒரு விடியலில்
கன்னியப்பன் அதில் ஒன்றைக் கூட்டினான்:
"வெத இல்லாத ஆம்பள.
தோ வந்துகினு கீறான் பாரு."

அடுக்கம்பாறை ஆஸ்பத்திரியில்
எனக்கு ஆனது இருபது நிமிஷம்.
மரத்துப்போக ஒரு ஊசி, கடுகளவு துளை,
இந்தப் பக்கம் ஒரு குழாய், அந்தப் பக்கம் ஒன்று.
தையல்கூட இல்லை.
"பின்னால ஒட்டிக்கலாம்னு நெனச்சி வராதீங்க,
ஒட்டினாலும் புடிக்கும்னு சொல்ல முடியாது"
என்று சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள்.
அமுலு வெளியே பெஞ்சில் இருந்தாள்.
அவள் வயிற்றில் ஒரே தழும்பு,
இரண்டு முறை திறந்தது.

ஒரு வாரம் பாரம் தூக்காதே என்றார்கள்.
பத்தாம் நாள்
ஐம்பது கிலோ முதுகில் ஏறி உட்கார்ந்தபோது
முட்டி நடுங்கவில்லை.
நடுங்குமோ என்று நான்தான் நடுங்கினேன்.

அதையும் சொல்லிவிட வேண்டும்.
அதற்குப் பிறகான முதல் ராத்திரி
ஆகவில்லை.
விளக்கை அணைத்த பிறகும்
கட்டிலுக்கடியில் கன்னியப்பன் சிரிப்பு
கிடந்தது.
"சரி, தூங்கு" என்று
அமுலு என் காதை மட்டும் தடவினாள்.

பக்கத்தில் ஆளில்லாத நேரம் பார்த்து
நர்ஸ் எஸ்தர்ராணியிடம் கேட்டேன்.
அவள் குரலைத் தாழ்த்தவே இல்லை.
"விரை அதும்பாட்டுக்கு வேலை செய்யுது.
ஆம்பளத்தனத்துக்கான சுரப்பு ரத்தத்துல போவுது,
நாங்க அடைச்ச குழாயில இல்ல.
வர்றது எப்பவும்போல வரும்,
அதுல உயிரணு மட்டும் இருக்காது.
கை வெச்சது கீழ. உனக்குக் கோளாறு தலையில.
அப்புறம் கேளு, மூணு மாசம் உறை போடணும்,
பழைய சரக்கு உள்ள நிக்கும்.
டெஸ்ட் எடுத்துப் பார்த்துச் சொல்றவரைக்கும்
நீ இன்னும் அப்பன் ஆவக்கூடிய ஆளுதான்."

அடைத்தபின் உருவாகிற அணு எங்கே போகும்?
"ஒடம்பே கரைச்சிக்கும்" என்றாள்.
விற்காத தக்காளியைச் சாயங்காலம்
மாடுகள் தின்று முடிப்பதை நினைத்துக்கொண்டேன்.

எந்த நாள் என்று சரியாக நினைவில்லை.
மழை வந்து மார்க்கெட்டைக் கலைத்த ஒரு மதியம்,
பிள்ளைகள் ஸ்கூலில்.
உறையோடுதான். ஆனால் எல்லாம் பழையபடி.
அந்தப் "பழையபடி"யை
ஒரு சம்பளம்போல எண்ணிப் பார்த்தேன்.

மூன்று மாதம் கழித்து
சின்ன டப்பாவைச் சட்டைப்பைச் சூட்டில் வைத்து
பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.
லேப் பையன் தலைநிமிராமல் எழுதினான்:
எதுவும் இல்லை.

சாமி, நான் பிறக்கும் முன்பே
கோட்டைக் கோயிலுக்குத் திரும்பிவிட்டது.
பாலாறு ஒரு மழைக்காலம் கரைதொட்டு ஓடியதை
இதே கன்னியப்பன்தான் செல்போனில் பிடித்து
ஊருக்கெல்லாம் அனுப்பினான்.
பட்டியலைத்தான் யாரும் திருத்தவில்லை.

போன மாசம் டீக்கடையில், என் கிளாசைப் பார்த்துக்கொண்டே
"வலிச்சிச்சா?" என்றான்.
எறும்பு கடித்தாற்போல என்றேன்.
யோசித்தான். பிறகு
பெண்டாட்டி தவமணியை அனுப்பிவைத்தான்,
வயிற்றைத் திறக்க.
"மூட்ட தூக்கறவன், நம்மால ஆவாதுப்பா."
எட்டாம் நாளே தெருக்குழாயில் அவளைப் பார்த்தேன்,
தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒன்று.

எங்கள் வீட்டு மாதக் காலண்டரில்
அமுலு வட்டம்போட்டு வைத்த தேதிகள்
பங்குனியோடு நின்றுபோயின.
இந்த மாதம் ஒரே வட்டம்.
கிட்டப் போய்ப் பார்த்தேன்:
சிலிண்டர் மாற்றிய நாள்.